அடுப்படியில் கட்டிய தூளி

என் இரண்டு பெண்களும் ஒரே நாளில் பிறந்தவர்கள். இருவருக்கும் நடுவே அரை மணி நேரம்கூட இல்லை. மூத்தவள் பதினோராம் மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இளையவள் நடக்க இரண்டே கால் வருஷம் ஆயிற்று. மூத்தவள் ஒரு வயது முடிவதற்குள் அம்மா, பால், காக்கா, தா என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தை சொன்னாள். இளையவள் மூன்றரை வயதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே பால். மூத்தவளின் தூளி கூடத்தில் தொங்கியது. இளையவளின் தூளியை நான் அடுப்படியில் கட்டியிருந்தேன்.

இதைக் கேட்டவுடன் சிலர், "அப்ப அடுப்புப் புகைதான் காரணம்" என்று முடித்துவிடுவார்கள். வேறு சிலர், "ரெட்டையில ஒண்ணு அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். நான் இரண்டையும் நம்பியிருக்கிறேன். காலையில் ஒன்றையும் சாயங்காலம் மற்றதையும் நம்பிய நாட்கள் உண்டு.

அப்போது நாங்கள் மேலப்புதூரில், மாதா கோயிலுக்குப் பின்புறம் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் ரயில்வே ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. அவருடைய அக்காவும் எங்களோடு இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனை இழந்து தம்பியிடம் வந்துவிட்டவர். சில வருஷம் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். வாய் ஓயாது. பேச ஆள் அகப்படாவிட்டால் செபமாலையை எடுத்துக்கொண்டு சத்தமாகச் செபம் சொல்வார். அவருக்குப் பிள்ளை இல்லை.

வீட்டின் கடைசியில் அடுப்படி. ஜன்னல் கிடையாது. கூரையில் ஓடு ஒன்றைச் சற்றே தூக்கி, அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். புகை போக அதுதான் வழி. ஒரு கதவு கூடத்துக்கும் ஒரு கதவு கொல்லைக்கும் திறக்கும். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் அடுப்படி அப்படித்தான் இருந்தது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

மூத்தவள் கொழுகொழுவென்று பிறந்தாள். ஒரு தடவை பால் குடித்தால் மூன்று மணி நேரம் தூங்குவாள். இளையவள் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவாள். நாலு வாய் குடித்ததும் அசந்துவிடுவாள், அரை மணியில் விழித்து மறுபடி அழுவாள். சோற்றை வடிப்பதா, ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்குவதா என்று தவித்தேன். ஒருநாள் பழைய புடவை ஒன்றை எடுத்து அடுப்படி உத்தரத்தில் தூளி கட்டி அவளை அதில் போட்டேன். யாரும் என்னிடம் அப்படிச் செய் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூத்தவளை அண்ணி கூடத்தில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு நாளுக்கு என்று செய்த ஏற்பாடு ஒன்றரை வருஷம் நீடித்தது.

அது உலகச் சண்டைக் காலம். ஊரில் எதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. விறகு விற்கும் தொட்டியில் முன்பெல்லாம் காய்ந்த சவுக்குக் கட்டையாகப் பொறுக்கி எடுத்து வருவோம். இப்போது முந்தின நாள் வெட்டிய மாதிரி ஈரக் கட்டைதான். அடுப்பில் வைத்தால் ஒரு முனை எரியும், மறு முனையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வடியும். புகை மட்டும் குறைவில்லாமல் வந்தது. சீமெண்ணெய் விளக்குக்கே போதாது, அதை அடுப்பில் ஊற்ற முடியாது. வரட்டி வைத்துப் பார்த்தேன். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளிலிருந்து வண்டியில் வரும் உமியை வாங்கி, தகர டப்பாவில் இறுக்கி உமியடுப்பு மூட்டினேன். பிடித்துக்கொண்டபின் நன்றாக எரியும். பிடிப்பதற்குள் வீடு முழுக்கப் புகைந்துவிடும்.

புகையில் வாயைத் திறந்தால் எனக்கு இருமல் வரும். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் சமைப்பேன். தூளியைக் கை எட்டி ஆட்டிவிடுவேன். அடுப்படியில் அந்தப் பிள்ளையிடம் நான் என்ன பேசினேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கூடத்திலிருந்து அண்ணியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். "இது என்ன? மூக்கு. யாரு மூக்கு? பாப்பா மூக்கு."

ஒன்பதாம் மாதத்தில் மூத்தவள் உட்கார்ந்து சொப்பு உருட்டினாள். இளையவளை உட்கார வைத்தால் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவாள். எப்போதும் இருமல், மூக்கடைப்பு, கண்ணில் பீளை. என் கணவர் அதுவரை இதிலெல்லாம் தலையிட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து அடுப்படியில் தண்ணீர் கேட்டு நின்றவர், அப்படியே குந்தி உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். மறுபடி குந்தினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"கீழ உக்காந்தா புகை அவ்வளவா தெரியல. எழுந்தா கண்ணு எரியுது. புகை மேலதானே நிக்குது. குழந்தை அங்கதானே தொங்குது?"

நான் தரையோடு குந்தியே சமைப்பவள். அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே தூளியை இரண்டு சாண் கீழே இறக்கிக் கட்டினேன். இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு மறுபடி வந்தது. குறைந்தது நிஜமா, என் ஆசையா என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை.

பதினாலாம் மாதம் நானும் அண்ணியும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஜட்கா வண்டியில் புத்தூர் போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார். பொறுமையானவர். இளையவளின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்ந்தார். மூத்தவளின் தலையையும் அப்படியே முகர்ந்தார்.

"இந்தக் குழந்தையை எங்க படுக்க வைக்கிறீங்க?"

"அடுப்படியில டாக்டர். பக்கத்துல இருந்தா பால் கொடுக்கலாம்னு."

"தலைமுடியெல்லாம் புகை வாசம். முதல்ல அங்கேருந்து எடுங்க."

"அதனாலதான் இவ உக்காரலையா?"

டாக்டர் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். "இருமலுக்குப் புகை காரணம்னு சொல்லலாம்மா. உக்காராததுக்கும் பேசாததுக்கும் அதுதான் காரணமான்னு என்னால சொல்ல முடியாது. பொறக்கும்போதே சின்னதா பொறந்திருக்கு. மூச்சு சரியா விட முடியாத குழந்தை பால் சரியா குடிக்காது, பால் குடிக்காத குழந்தைக்கு உடம்புல தெம்பு வராது. எது முன்னால, எது பின்னால?" என்றவர், "நீங்க அவகிட்ட பேசுவீங்களா?" என்று கேட்டார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி, "அவ எங்க பேசுவா? பகலெல்லாம் அடுப்போட மல்லுக்கட்டுறா" என்றார். எனக்காகச் சொன்னாரா, என்மேல் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

வழியில் ஜட்காவிலேயே அண்ணி ஆரம்பித்தார். "அவளையும் என்கிட்ட விட்டுடு. ரெண்டையும் கூடத்துல வச்சுப் பாத்துக்கறேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் நான், "பாக்கலாம் அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அதன் காரணத்தை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. மூத்தவள் முதன்முதலில் அம்மா என்று கூப்பிட்டது என்னை அல்ல, அண்ணியை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல் இளையவளாவது எனக்கு இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. டாக்டர் எடுக்கச் சொன்ன பிறகும் தூளியை நான் அவிழ்க்கவில்லை. அதற்குப் பதிலாகக் கணவரிடம், "புகை வராத அடுப்பா ஒண்ணு பாருங்களேன்" என்றேன்.

அவர் பெரிய கடைவீதியிலிருந்து இரும்புக் கரியடுப்பு ஒன்றும் ஒரு மூட்டை அடுப்புக்கரியும் கொண்டுவந்தார். கொல்லையில் வைத்துப் பற்றவைத்து, கனிந்ததும் உள்ளே எடுத்து வந்தேன். புகையே இல்லை. செக்கச்செவேலென்று கனல் மட்டும் இருந்தது. முதல் நாள் சோறு வடித்தபோது கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. முந்தானையை மூக்கிலிருந்து அவிழ்த்தேன். தூளியிலிருந்த பிள்ளையிடம் ஏதோ பேசவும் செய்தேன். டாக்டர் சொன்னபடி செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தூக்கி வைத்த ஓட்டின் வழியே தண்ணீர் உள்ளே கொட்டியதால் கணவர் கூரையேறி அதை இறக்கி மூடினார். ஒரு மத்தியானம் சாரல் அடிக்கிறதென்று கொல்லைக் கதவைச் சாத்தினேன். குளிர்காற்று பிள்ளைக்கு ஆகாதென்று கூடத்துக் கதவையும் சாத்தினேன். பருப்பு வேகக் காத்திருந்தேன். தலை லேசாக வலித்தது. காலையில் சரியாகச் சாப்பிடாததால் என்று நினைத்தேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட அமைதியாகத் தூங்குகிறாளே என்று சந்தோஷப்பட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை அண்ணி சொல்லித்தான் தெரியும். மூத்தவளுக்கு வெந்நீர் வேண்டும் என்று வெளியிலிருந்து இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லாததால் கதவைத் தள்ளித் திறந்திருக்கிறார். நான் கண்ணைத் திறந்தபடியே இருந்தேனாம், ஆனால் எதுவும் பேசவில்லையாம். அவர் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்தபோது கை கால் துணி போல் தொங்கியது. அவளைக் கொல்லையில் மழையிலேயே கிடத்திவிட்டு, திரும்பி வந்து என்னைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துப் போட்டிருக்கிறார். மழை முகத்தில் விழுந்தது எனக்குத் தெரிந்தது. அண்ணி பிள்ளையின் முதுகைத் தேய்த்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை வாந்தி எடுத்தாள். பிறகு முனகினாள். அதற்குப் பிறகு அழுதாள்.

சாயங்காலம் கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அதே லேடி டாக்டரிடம் ஓடினார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கரியிலேருந்து ஏதோ காத்து வருதாம். கண்ணுக்குத் தெரியாதாம், வாசமும் இருக்காதாம். கதவைச் சாத்தினா ஆளையே கொன்னுடுமாம்."

"புகையே இல்லையேங்க."

"அதைத்தான் நானும் கேட்டேன்."

"அப்ப இத்தனை நாள் புகைதானே கெடுதல்னு சொன்னாங்க?"

"அதுவும் கெடுதலாம். இதுவும் கெடுதலாம்." அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அந்த அடுப்பை வாங்கிட்டு வந்தது நான்."

"கதவைச் சாத்தினது நான்" என்றேன்.

அன்றிலிருந்து கொஞ்ச நாள் எனக்கு நெருப்பைக் கண்டாலே பயமாக இருந்தது. புகை வந்தால் பயம், புகை வராவிட்டால் அதைவிடப் பயம். மழை நின்றதும் கொல்லையில் நாலு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, அதன் கீழ் அடுப்பை மாற்றிக்கொண்டேன். தூளியை நானே அவிழ்த்து அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணி அதை வாங்கிக் கூடத்தில் மூத்தவளின் தூளிக்குப் பக்கத்தில் கட்டினார். இளையவள் ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் அழவில்லை. அவள் அழாததுதான் எனக்கு அந்த வாரம் முழுவதையும்விடக் கஷ்டமாக இருந்தது.

சில மாதம் கழித்து கணவரை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். தண்டவாளத்தை ஒட்டி ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சின்ன வீடுதான். ஆனால் அடுப்படி தனியாகப் பின்கட்டில் இருந்தது, அதற்குச் செங்கல்லில் ஒரு புகைபோக்கியும் இருந்தது. முதல் நாள் அடுப்பு மூட்டியதும் நான் வெளியே ஓடிவந்து, கூரைக்கு மேல் புகை போவதை நின்று பார்த்தேன். அன்று முழுக்க நான்கைந்து தடவை அப்படிப் பார்த்திருப்பேன்.

ஆனால் வீட்டைச் சுற்றி எஞ்சின் புகை. பகலில் எத்தனையோ வண்டி போகும். கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணியில் கரித்தூள் படியும். வாசலில் கோலம் போட்டால் அதன்மேலும் படியும். "ஒரு புகையிலேருந்து தப்பிச்சு இன்னொரு புகைக்கு வந்திருக்கோம்" என்றேன். அந்தப் புகை எந்த வகை, நல்லதா கெட்டதா என்று யாரைக் கேட்பது? புத்தூர் லேடி டாக்டரும் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்த வீட்டில்தான் இளையவள் நடந்தாள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மூத்தவள் வேலியோரமாக ஓடியதைப் பார்த்துக் கையை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தாள். விழுந்தாள். மறுபடி எழுந்தாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்த் தூக்கவில்லை. தூக்கினால் நடை நின்றுவிடுமோ என்று சோப்புக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பேச்சு அதற்கும் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது. ஒருநாள் காலை வண்டி வேலியைத் தாண்டிப் போனது. அண்ணி இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார். வண்டி மறைந்ததும் இளையவள் கையை நீட்டி, "போச்சு" என்றாள்.

"என்னடி சொன்ன?" என்றார் அண்ணி.

"வண்டி போச்சு."

முதல் பேச்சே இரண்டு வார்த்தை. அண்ணி அவளை வாரி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. அடுத்த வண்டி வரும்வரை காத்திருந்தோம். அடுத்த வண்டிக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியான வண்டிக்குச் சொன்னாள்.

அன்று சாப்பிடும்போது பெரியவர்கள் மூவருக்கும் வாக்குவாதம் வந்தது. கணவர், "அந்தப் புகைபோக்கிதான். நல்ல காத்து உள்ள போச்சு, பேச்சு வெளிய வந்துச்சு" என்றார்.

"நல்ல காத்தா? நாள்பூரா எஞ்சின் கரியைத்தானே முழுங்குறோம்" என்றார் அண்ணி. "நான் பேசுனேன், அவ பேசுனா. வேற ஒண்ணுமில்ல. ஒரு வருஷம் முன்னாடியே அவள என்கிட்ட கொடுத்திருந்தா ஒரு வருஷம் முன்னாடியே பேசியிருப்பா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். கணவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். கரியடுப்பு அன்று அவள் மூளையில் ஏதாவது செய்திருந்தால்? அல்லது எங்கள் யாராலும் எதுவும் ஆகாமல், அவள் தன் பாட்டுக்குத் தன் நேரத்தில் வளர்ந்திருந்தால்? "சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்று மட்டும் சொன்னேன்.

உலகச் சண்டை முடிந்து, இருவரையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தது. அண்ணி முன்பு வேலை பார்த்த மேலப்புதூர்ப் பள்ளிக்கே ரயிலில் அழைத்துப்போனேன். தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரி, எல்லாரும் மதர் என்று கூப்பிடுவார்கள். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு வயதைக் கேட்டார்.

"பெரியவளுக்கு ஆறு. சின்னவளுக்கு அஞ்சு" என்றேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்படிச் சொல்வதாக நான் நினைக்கவே இல்லை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது வாயில் வந்துவிட்டது. மூத்தவளின் தோளுக்குத்தான் இளையவள் இருந்தாள்.

மூத்தவள் என் முந்தானையை இழுத்தாள். "இல்லம்மா. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்தான பொறந்தோம்? அத்தை சொன்னாங்க."

மதர் பேனாவை நிறுத்தினார். "யார் சொல்றது சரி?"

"அவ சொல்றதுதான் மதர்."

"அப்ப ஏன் குறைச்சுச் சொன்னீங்க?"

"அவ எல்லாத்துலயும் கொஞ்சம் பின்னாலதான் வர்றா மதர். ஒரு வருஷம் கூடக் கிடைச்சா நல்லதுன்னு தோணுச்சு."

மதர் இளையவளைக் கூப்பிட்டு, "உன் பேரு என்ன?" என்றார். அவள் சரியாகச் சொன்னாள். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள். மதர் இருவரையும் ஒன்றாம் வகுப்பில் ஒரே வயது போட்டு எழுதினார்.

வருஷக் கடைசியில் மூத்தவள் தேறினாள். இளையவள் தேறவில்லை. மூத்தவள்தான் அழுதாள். இளையவள் அடுத்த வருஷமும் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை நன்றாகவே படித்தாள். கணக்கு மெதுவாக வரும். வந்தால் மறக்க மாட்டாள். மழைக்காலத்தில் மட்டும் நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் கேட்கும். அப்போது அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

இருவருக்கும் எட்டு வயதிருக்கும். ஒருநாள் காலை நான் அடுப்பு மூட்ட மூத்தவளைத் துணைக்குக் கூப்பிட்டேன். இருவரும் வந்தார்கள். இளையவள் எனக்கு முன்னால் குந்தி, சுள்ளியை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"நீ வேண்டாம். நீ போ" என்றேன்.

"ஏம்மா?"

"புகை. உனக்கு ஆகாது."

"அக்காவுக்கு மட்டும் ஆகுமா?"

மூத்தவள் என்னைப் பார்த்தாள். இளையவள் கையில் சுள்ளியோடு பதிலுக்குக் காத்திருந்தாள். ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியவில்லை. இருவரையும் வெளியே போய் அத்தையிடம் இருக்கச் சொல்லிவிட்டு, சுள்ளிகளை நானே அடுக்கினேன்.